மார்க் ஏன் குறைந்தது என்று கேட்கும் வேலை

பிள்ளைகளுக்கு மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டு, அதை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஒப்புக்கொள்ளும்படி எழுதி அனுப்புவதுதான் எங்கள் தொழில்.

மதுரை காளவாசலில் ஒரு செல்போன் கடைக்கு மேலே, மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. நீட் பரீட்சையில் தகுதி பெற்றும் இங்கே சீட்டு கிடைக்காத பிள்ளைகள், வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க விண்ணப்பம் போட எங்களிடம் வருவார்கள். அங்கே உள்ள சில கல்லூரிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிளஸ் டூவில் ஏதாவது ஒரு பாடத்தில் மார்க் மோசமாக இருந்தாலோ, நடுவில் ஒரு வருடம் விட்டுப்போயிருந்தாலோ, அது ஏன் என்று மாணவர் கையெழுத்துப் போட்டு ஒரு பக்கம் விளக்கம் தர வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எனக்கு இங்கிலீஷ் வராது. வருகிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பயம் தெளிய வைத்து, தமிழில் காரணத்தைக் கேட்டு வாங்குவது என் வேலை. அதை ரெஹானா இங்கிலீஷில் எழுதுவாள். எம்.ஏ. படித்த பெண், என் மகள் வயதுதான் இருக்கும். எழுதி முடித்ததும் அதையே தமிழிலும் அடித்து என் கையில் தருவாள். வீட்டார் எல்லோரையும் வைத்துக்கொண்டு நான் அதை வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால்தான் கடிதம் போகும். நாங்கள் இல்லாததை எழுதிவிட்டோம் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக எங்கள் சார் போட்ட சட்டம் இது.

வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருப்பவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ரிசல்ட் வந்த நாள் முதல் உங்களுக்குச் சோறு இறங்கியிருக்காது. எனக்கு அது வருடா வருடம், அதுவும் பிறத்தியார் பிள்ளைகளுக்காக. கரண்ட் போய்விடுமோ, கையெழுத்து மாறிவிடுமோ, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு எழுத்து தப்பாக இருக்குமோ என்று எதையாவது நினைத்துப் பதறிக்கொண்டே இருப்பேன். இந்த சீசனில் என்னை அதிகமாகப் பதற வைத்தது நந்தினி என்கிற பெண்ணின் சீட்டு. அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதே நாட்களில் வந்து போன மற்றவர்களையும் விட மனம் வரவில்லை.

செத்துப்போன மாமா

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. பையனுக்கு பயாலஜியில் மார்க் குறைவு. ஏன் என்று கேட்டேன். பையன் வாயைத் திறப்பதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டு, பரீட்சை நேரத்தில் தாய்மாமன் தவறிப்போய்விட்டார் என்றார். மாமன் தோளிலேயே வளர்ந்த பிள்ளையாம். எட்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையாம். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ரெஹானா எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். ‘என் மாமாவின் மரணம்’ என்ற இடம் வந்ததும், அவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு வந்து, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரர் எழுந்து வந்தார். எந்த மாமா என்று நிதானமாகக் கேட்டார். பையனுக்கு இருப்பது ஒரே ஒரு மாமா. அது அவர்தான்.

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஒரு சாவு இருந்தால்தான் எடுபடும் என்று யாரோ சொன்னார்களாம். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பையனிடமே கேட்டேன். மாமா அவனுக்கு ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது வந்து இறங்கிய நாளிலிருந்து தொழுவத்தில்தான் இருந்திருக்கிறான். அதன் குளம்பில் புண் வந்தபோது, கால்நடை டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் கழுவி மருந்து வைத்து ஆற்றியது அவன்தான். முட்ட வருகிற மாட்டின் காலைப் பிடித்துப் புண்ணுக்கு மருந்து போடுகிறவன், மனுஷனுக்கு ஊசி போட மாட்டானா? எனக்கு அவன் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ரெஹானா காளையை வைத்தே கடிதத்தை மாற்றி எழுதினாள். பார்க்கப் போனால் மார்க் குறைய மாமாதான் காரணம், ஆனால் உயிரோடு இருக்கிற மாமா. அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

“நான் செத்தாத்தான் மருமகனுக்குச் சீட்டுன்னா தாராளமா எழுதிக்கங்கம்மா. ஆனா ஏர்போர்ட்டுக்கு வண்டி ஓட்டிட்டு நான்தான் வாரணும், அத மட்டும் யோசிச்சுக்கங்க.”

ஒரே வரி

நந்தினி பரவையிலிருந்து வந்தாள். கூட அவள் அக்கா ஈஸ்வரி, ஈஸ்வரியின் இடுப்பில் இரண்டு வயது நெருங்கும் ஒரு பெண் குழந்தை. அம்மா இல்லாத பிள்ளைகள். அப்பா பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். ஈஸ்வரியைக் கட்டிக் கொடுத்தது சமயநல்லூரில். நந்தினி பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் நல்ல மார்க் வாங்கிவிட்டு கெமிஸ்ட்ரியில் மட்டும் பெயில். பிறகு துணைத்தேர்வு எழுதி அதையும் தேறியிருக்கிறாள். பகலில் ஜவுளிக் கடையில் நின்றுகொண்டே படித்து நீட்டிலும் தகுதி வாங்கிவிட்டாள். வசதி இல்லாத பிள்ளைகளுக்கென்று ஒரு கல்லூரி கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துச் சில இடங்கள் வைத்திருந்தது. அது கிடைத்தால் பேங்க் லோனில் படித்துவிடலாம். கிடைக்காவிட்டால் திரும்ப ஜவுளிக் கடைதான். அந்த இடத்துக்கு, கெமிஸ்ட்ரியில் ஏன் பெயில் என்று கடிதம் வேண்டும். கடிதத்தைப் பார்த்துவிட்டு வீடியோவில் கேள்வியும் கேட்பார்கள்.

ஏன் பெயிலானாய் என்று கேட்டேன். படிக்கவில்லை என்றாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை. டீச்சர் சரியாக நடத்தவில்லையா? நன்றாக நடத்தினாராம். அக்காக்காரி குறுக்கே வந்து, எந்நேரமும் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தால் வேறு என்ன ஆகும் என்றாள். அந்தப் பெண் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டு குழந்தையின் கையிலிருந்த என் பேனாவை மெதுவாக வாங்கி மேஜையில் வைத்தாள். உயிரோடு இருக்கிறவர்களையெல்லாம் சாகடித்துக் காரணம் சொல்கிற இடத்தில், ஒரு தலைவலியைக்கூடச் சொல்லிக்கொள்ளாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கடிதம் அனுப்புவது? ஒரு பக்கம் நிரப்ப வேண்டுமே, ஏதாவது இருந்தால் சொல் தாயி என்று கெஞ்சினேன்.

“வேற என்னத்த ஆன்ட்டி சொல்றது? கேள்வித்தாள் ஈசியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் பதில் தெரியல.”

டைபாய்டு

நந்தினியின் கடிதம் ஒரு வரியோடு நின்றிருந்தபோது, திருநகரிலிருந்து ஒரு அப்பாவும் பையனும் வந்தார்கள். அப்பா நல்ல உத்தியோகத்தில் இருப்பவர் என்பது அவர் ஃபைல் வைத்திருந்த அழகிலேயே தெரிந்தது. பையனுக்கு பிளஸ் ஒன்னில் பிசிக்ஸ் மார்க் ரொம்பக் குறைவு. காரணம் டைபாய்டு என்று சொல்லி, டாக்டர் சர்டிபிகேட்டையும் எடுத்து வைத்தார். டாக்டர் அவருடைய நண்பராம். மை இன்னும் பளபளவென்று இருந்தது. பையன் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பாவை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே அனுப்பிவிட்டு விசாரித்தேன். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்த பையனை, டாக்டருக்குப் படிக்க இங்கிலீஷ் வேண்டும் என்று பிளஸ் ஒன்னில் வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். பிசிக்ஸ் வாத்தியார் என்ன சொல்கிறார் என்பதே அரை வருடம் வரைக்கும் புரியவில்லையாம். பிறகு அதே பாடத்தின் தமிழ் மீடியப் புத்தகத்தை இடது பக்கமும் இங்கிலீஷ் புத்தகத்தை வலது பக்கமும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாராவாக ஒப்பிட்டு அவனே படித்து, அடுத்த வருடம் வகுப்பிலேயே நல்ல மார்க் வாங்கிவிட்டான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? நானாக இருந்தால் அதை வாசலில் போர்டு எழுதி மாட்டுவேன். தன்னால்தான் பிள்ளை சிரமப்பட்டது என்று கல்லூரிக்காரன் நினைத்துவிடுவானே என்று அப்பாவுக்குச் சங்கடம். அவர் திரும்பி வந்ததும், சர்டிபிகேட்டைப் பையனே எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்தான்.

“மொதல்ல நான் டாக்டர் ஆயிக்கிறேன்ப்பா. பொய் சர்டிபிகேட்டெல்லாம் அதுக்கப்புறம் நானே எழுதிக்கிறேன்.”

அம்மா வீடு

போட்டோ கொடுக்க நந்தினி ஒரு நாள் தனியாக வந்தாள். கடையில் மதியச் சாப்பாட்டு நேரம், உடனே திரும்ப வேண்டும் என்றாள். நான் விடவில்லை. என் டிபன் பாக்ஸைத் திறந்து அவளுக்கும் வைத்தேன். சாப்பிடுகிற பிள்ளையிடம் கேட்டால் பதில் வரும் என்பது நான் இந்த வேலையில் கண்டது. அன்றைக்குத்தான் சொன்னாள்.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்புப் போட்டுப் பெண்ணை அழைத்து வருவார்கள். ஈஸ்வரிக்கு அம்மா இல்லை. மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் நல்லவிதமாகச் சொல்லியும், ஈஸ்வரிக்கு முகம் வாடிவிட்டதாம். பிளஸ் டூ படிக்கிற இந்தப் பெண், அம்மா இல்லையென்றால் அம்மா வீடு இல்லையென்று ஆகிவிடுமா, நான் இருக்கிறேன் என்று சொல்லி அக்காவைக் கூட்டி வந்துவிட்டாள். ஆபரேஷன் செய்துதான் குழந்தை பிறந்தது. அக்காவுக்குப் பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, வெந்நீர், குழந்தைத் துணி, எல்லாம் இவள்தான். ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்திருக்கிறாள். குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்து, பெரியாஸ்பத்திரியில் நீல விளக்குக்குக் கீழே போட வேண்டியதாகிவிட்டது. விளக்குக்கும் அக்கா கட்டிலுக்கும் நடுவே, பால் குடிக்கிற வேளைக்கெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தது இவள். கெமிஸ்ட்ரி பரீட்சை அதற்கு மறுநாள். நீ போய்ப் படி என்று அக்கா விரட்டியபோது, நீ ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னாலேயே எல்லாம் படித்து முடித்தாயிற்று, இனி ஒரு தடவை புரட்டினால் போதும் என்று சொல்லியிருக்கிறாள். உண்மையில் பாதிப் பாடம் திறக்கவே இல்லை. பெயில் என்று ரிசல்ட் வந்ததும், படித்தேன் என்று பொய் சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். இவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

நான் சாப்பாட்டை மறந்துவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்த ரெஹானாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதைவிடப் பெரிய காரணம் எந்தக் கல்லூரிக்கு வேண்டும் என்று சொல்லி உடனே கீபோர்டை இழுத்தாள். நந்தினி எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடிதத்தை ஆன்ட்டி அக்காவுக்கு வாசித்துக் காட்டுவார்களே என்றாள். தன்னைப் பார்த்துக்கொண்டதால்தான் தங்கச்சி பெயிலானாள் என்று தெரிந்தால், அந்தக் குழந்தை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு அந்த நினைப்பு வருமாம். அடுத்த பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கே வர மாட்டாளாம். ரெஹானா விடாமல், ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் டாக்டர் ஆகும் ஆசை வந்தது என்று மட்டுமாவது எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

“இல்ல மேடம், அந்த ஆசை ஆறாவதுலயே வந்துருச்சு. ஆஸ்பத்திரில எனக்குத் தூங்கணும்னு மட்டுந்தான் தோணுச்சு.”

கண் எரிச்சல்

வண்டியூரிலிருந்து வந்த ஒரு அம்மாவையும் சொல்ல வேண்டும். மகளின் கடிதத்தில் போதுமான கஷ்டம் இல்லை என்று அவருக்குக் குறை. நாங்கள் கஷ்டப்பட்ட குடும்பம், படிக்கிறவன் அழ வேண்டும், அப்படி எழுதும்மா என்று ரெஹானாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன தொழில் என்று கேட்டால் சொந்தமாக அரிசி மில். ஆனால் கையைப் பார்த்தால் உழைத்த கைதான், அதில் பொய் இல்லை. புருஷன் போன பிறகு மில்லைத் தனியாளாக நடத்தி, மூன்று பெண்களையும் படிக்க வைத்திருக்கிறார். ரெஹானா பொறுமையாக, மில் வைத்திருக்கிறவர்கள் ஏழை என்று எழுத முடியாது என்று எடுத்துச் சொன்னாள். அவர் விடுவதாக இல்லை.

“சரித்தா, மில்ல விட்ரு. நெல்லு அவிக்கும்போது புகையில கண்ணு எரிஞ்சு தண்ணி ஊத்தும்ல, அத எழுது. அம்புட்டும் நெசம்.”

தலையாட்டு

நந்தினியின் கடிதத்தை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. ரெஹானா எழுதியிருந்தது அரைப் பக்கம்கூட இல்லை. கெமிஸ்ட்ரியில் பெயிலானேன், அந்தச் சமயத்தில் படிக்கவில்லை, பிறகு வேலை பார்த்துக்கொண்டே நானே படித்துத் தேறினேன், அவ்வளவுதான். பொய் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் எனக்கு அதைக் கையில் வைத்திருக்கவே பயமாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் கடிதம் எல்லாம் பக்கம் நிறைந்து போகும்போது, இது மட்டும் மொட்டையாகப் போய் நிற்குமே. சாரிடம் போய், உண்மைக் காரணத்தை எழுதி, இவள் விஷயத்தில் மட்டும் வாசித்துக் காட்டாமல் அனுப்பலாமா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருத்தருக்காகச் சட்டத்தை மாற்ற முடியாது என்றுவிட்டார்.

அப்பா மார்க்கெட்டிலிருந்து நேராக வந்திருந்தார், தோளில் துண்டோடு. ஈஸ்வரியும் குழந்தையும் இருந்தார்கள். வாசித்தேன். ‘நான் படிக்கவில்லை’ என்ற இடத்தில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஈஸ்வரிக்குத்தான் தாங்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால், பரீட்சைக்கு லீவு விட்ட நாளெல்லாம் வீட்டில்தானே இருந்தாய், புத்தகத்தைத் தொட்டாயா, அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதம் எழுத விட்டிருக்குமா என்று பொரிந்து தள்ளினாள். எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ரெஹானா மேஜைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நந்தினி முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அக்காவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

“அதான்க்கா, அந்தப் போனுதான் என்னையக் கெடுத்துருச்சு. நீ வையிறதுல தப்பே இல்ல.”

நேர்காணல்

வீடியோவில் கேள்வி கேட்கும் நாளில் காலையிலிருந்து எனக்குப் படபடப்பு. நெட் நிற்குமா, யு.பி.எஸ். தாங்குமா, கீழே கடைக்காரர் பாட்டுப் போடுவாரா என்று மாடிப்படி ஏறி இறங்கியே முழங்கால் போய்விட்டது. கடைக்காரரிடம் போய் ஒரு மணி நேரம் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லி வந்தேன். எந்தப் பிள்ளைக்கு என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திவிட்டார். பிள்ளைக்குப் பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்காரலாம் என்று கல்லூரியே சொல்லியிருந்தது. அப்பாவுக்கு லோடு வந்துவிட்டதால் ஈஸ்வரிதான் உட்கார்ந்தாள், மடியில் குழந்தை. ரெஹானாவும் நானும் கேமராவில் தெரியாமல் சுவரோரமாக நின்றோம்.

திரையில் நரைத்த முடியோடு ஒரு பேராசிரியை வந்தார். முகம் கடுமையாக இல்லை. பெயர், ஊர் எல்லாம் கேட்டார். நந்தினி பள்ளிக்கூட இங்கிலீஷில் தெளிவாகப் பதில் சொன்னாள். பிறகு அவர் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஏதோ நீளமாகக் கேட்டார். ரெஹானா என் காதில் சொன்னாள். இத்தனை வருடமாகக் கடிதம் படிக்கிறேன், படிக்கவில்லை என்று மட்டும் எழுதிய ஒரு மாணவியை இப்போதுதான் பார்க்கிறேன், படிக்காமல் அப்போது என்னதான் செய்துகொண்டிருந்தாய் என்று கேட்கிறாராம். நந்தினி அக்காவை ஒரு தடவை பார்த்தாள். கடிதத்தில் சொல்லாமல் விடலாம், நேராகக் கேட்கிறவரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஈஸ்வரி எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், இங்கிலீஷ் தெரியாது. அந்தத் தைரியத்தில் நந்தினி சொல்ல ஆரம்பித்தாள். ரெஹானா முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்கு ரெஹானாவின் உதவி தேவைப்படவில்லை. ஒன்பதாவதோடு நின்ற என் காதிலேயே ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. மதர், நோ. சிஸ்டர். டெலிவரி. ஆபரேஷன். பேபி. ஹாஸ்பிடல். லைட். நெக்ஸ்ட் டே கெமிஸ்ட்ரி எக்ஸாம். பெயில். இதில் எந்தச் சொல் மதுரையில் பஸ் ஏறுகிற ஒருத்திக்குத் தெரியாது? நான் ஈஸ்வரியைப் பார்த்தேன். நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தலையை வருடிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுபோயிருந்தது. பேராசிரியை அந்தக் குழந்தையைக் காட்டி, இதுதானா என்று கேட்டார். நந்தினி தலையாட்டினாள். அவர் சிரித்துவிட்டு, கெமிஸ்ட்ரியில் நாலைந்து கேள்வி கேட்டார். அவள் ஒன்றையும் விடவில்லை.

திரை அணைந்ததும் ஈஸ்வரி குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். முகம் கழுவிவிட்டு வர வெகுநேரம் ஆனது. நந்தினி என்னைப் பார்த்தாள், நான் ரெஹானாவைப் பார்த்தேன், ரெஹானா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஈஸ்வரி ஈர முகத்தோடு வந்து தங்கச்சிக்கு எதிரே நின்றாள். அடிக்கப் போகிறாளோ என்று நான் குழந்தையோடு ஒரு அடி முன்னால் போனேன். அவள் தங்கச்சியின் காதைப் பிடித்தாள், விடவே இல்லை.

“ஏன்டி, சிஸ்டரு, டெலிவரி, பேபி, பெயிலுன்னு அம்புட்டையும் நான் பேசுற பேச்சுலயே சொல்லிப்புட்டு, இங்கிலீசுல மறைச்சுட்டேன்னா உக்காந்துருக்க?”

பதில்

கல்லூரியிலிருந்து பதில் வருவதற்குள் நான் படாத பாடு பட்டேன். மெயிலைப் பார்த்தாயா என்று கேட்டுக் கேட்டு ரெஹானாவை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. இன்ஷா அல்லா வரும்க்கா, நீங்க டீ குடிங்க என்பாள். இடையில் ஈஸ்வரி எனக்கு போன் செய்தாள். அன்றைக்குப் பரவை வீட்டுக்குப் போனதிலிருந்து நந்தினியைப் பாத்திரம் கழுவக்கூட விடுவதில்லையாம், அதனால் இரண்டு பேருக்கும் சண்டையாம். நான் பெற்றதை நீ எதற்குடி தூக்கிக்கொண்டு நடந்தாய் என்று கேட்டால், உனக்குத் தையல் வலித்ததே என்கிறாளாம். சொல்லிக்கொண்டே ஈஸ்வரி அழுதாள், நானும் அழுதேன். இந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் போல இருக்கிறது. குற்றம் சொல்லிக்கொள்ள ஆயிரம் இடம் இருந்தும் ஒருத்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னொருத்திக்குத் தெரிந்த பிறகும், இந்தக் குழந்தையால்தானே என்ற முகச்சுளிப்பு துளிக்கூட வரவில்லை.

பாதிக் கட்டண சீட்டு நந்தினிக்குக் கிடைத்துவிட்டது. செய்தியைச் சொன்னதும் அப்பாவும் இரண்டு பெண்களும் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்கள். அப்பா, மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கையால் சாரின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். சாரும் என்ன செய்வதென்று தெரியாமல் அவரை உட்காரச் சொல்லிக்கொண்டே இருந்தார். நந்தினிக்கு அதற்குள் வேறு கவலை வந்துவிட்டது. தான் போய்விட்டால் அக்காவின் அடுத்த பிரசவத்தை யார் பார்ப்பது என்று, சீட்டுக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறாள். மற்ற பிள்ளைகள் அங்கே குளிருமா, சோறு கிடைக்குமா என்று கேட்பார்கள். ஈஸ்வரி கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி, பத்திரமாக ஃபைலில் வைத்து, ஃபைலை மூடினாள்.

“நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் நம்ம வீட்ல யாரும் புள்ள பெறமாட்டோம். போயி கெமிஸ்ட்ரியப் படி.”

இத்தனை வருடமாகக் குறைந்த மார்க்குக்குக் காரணம் கேட்டுக் கேட்டு எனக்கு எப்படி ஆகிவிட்டது என்றால், எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை ஒன்று வந்து எதிரே உட்கார்ந்தால், இந்தப் பிள்ளைக்கு வீட்டில் என்ன குறையோ என்று கவலையாக இருக்கிறது.